பெரியப்பாவின் மருந்து நோட்டைப் பொதுவில் போடலாமா?

சேரன்மாதேவிக்காரன்

எங்கள் பெரியப்பா மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர். அவருக்கு முன் தாத்தா கொடுத்தார், தாத்தாவுக்கு முன் அவருடைய மாமனார். காசு கிடையாது, வெற்றிலை பாக்கு மட்டும். பெரியப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது. மகன்கள் இருவரும் வெளியூரில். ஒருவனுக்கும் இதில் நாட்டமில்லை. அவரிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. முன்பாதி தாத்தா கையெழுத்து, பின்பாதி அவருடையது. காமாலை, சீதபேதி, அக்கி, பால்கட்டு என்று நாற்பது ஐம்பது மருந்து தேறும்.

அதை ஸ்கேன் செய்து எல்லாரும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றலாம் என்கிறேன். வீட்டில் ஒரே எதிர்ப்பு. "மருந்தைச் சொன்னால் பலிக்காது" என்கிறார் அத்தை. "நீ ஏற்று, நாளைக்கு எவனாவது பாக்கெட் போட்டு விற்பான்" என்கிறார் அத்தான். பெரியப்பா வாயே திறக்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பாளை சித்தா

தம்பி, யோசிக்காமல் ஏற்றுங்கள். நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். "சொன்னால் பலிக்காது" என்ற ஒரே வார்த்தையில் நம் ஊரில் எத்தனை மருந்து சுடுகாட்டுக்குப் போயிருக்கிறது தெரியுமா? மகனுக்கு மட்டும்தான் சொல்வேன் என்பார்கள். மகன் பஸ் கண்டக்டர் ஆகிவிடுவான். அதோடு கதை முடிந்தது.

எழுதி வைத்ததால் பிழைத்ததையும் பாருங்கள். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி காலத்தில் தொகுத்த மருத்துவ முறைகள் சரசுவதி மகால் நூலகத்தில் ஏட்டில் கிடந்து, பிறகு அச்சேறின. இன்றைக்கு எங்கள் கல்லூரி மாணவர் எவரும் எடுத்துப் படிக்கலாம். எங்கள் கல்லூரியே 1964இல் வந்ததுதான். அதற்கு முன் எங்கள் பக்கத்தில் பெரும்பாலோருக்கு ஒரு குருவின் காலைப் பிடித்துக் கொண்டு வருஷக்கணக்கில் கிடந்தால்தான் படிப்பு. அந்தக் குரு உங்கள் சாதிக்காரராகவும் இருக்க வேண்டும். குருகுலம் போச்சே என்று ஏங்குபவர்கள் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

வார்டு எண் 7

நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் அலோபதி ஆள். திட்டுவதென்றால் திட்டுங்கள், ஆனால் காமாலைப் பக்கத்தை மட்டுமாவது ஏற்றாதீர்கள்.

ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் வைரஸால் வந்த காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். கீழாநெல்லி குடித்தாலும் இறங்கும், கருப்பட்டிக் காப்பி குடித்தாலும் இறங்கும். மருந்து கேட்டது என்ற பேர் இப்படித்தான் மூன்று தலைமுறைக்கு நிற்கிறது. சிக்கல் மற்ற காமாலைகளில். பித்தப்பைக் கல் குழாயை அடைத்த காமாலை, கணையப் புற்றுநோயில் வரும் காமாலை, கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் வரும் ஹெபடைடிஸ் இ. இவற்றில் பத்தியம் இருந்து இரண்டு வாரம் காத்திருந்தால், எங்களிடம் வரும்போது கையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

ஆராய்ச்சி இருக்கிறதே என்று யாராவது கிளம்புவீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்பில் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை வாங்கிய 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் வரவில்லை.

சேரன்மாதேவிக்காரன்

டாக்டர் சார், நீங்கள் சொன்ன ஆட்களுக்கெல்லாம் எங்கள் பெரியப்பா மருந்து கொடுப்பதே இல்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

வாசலில் வந்து நிற்பவரை உடனே உட்காரச் சொல்ல மாட்டார். வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய்க் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். அடுத்து, "வெளிக்கு என்ன நிறத்துல போகுது?" என்று கேட்பார். ஆள் கூச்சப்பட்டால் கூட வந்தவரிடம் கேட்பார். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது என்றால் அவ்வளவுதான், "இது என் கைக்கு ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று விரட்டிவிடுவார். கர்ப்பிணி என்றால் வாசலோடு சரி. பேச்சு குழறினால், பகலில் தூங்கி ராத்திரி முழித்துக் கிடந்தால், ஆட்டோவுக்கு அவரே ஆள் அனுப்புவார். இப்போதெல்லாம் பிலிருபின் ரிப்போர்ட், அதாவது காமாலை எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, இல்லாமல் அம்மியையே கழுவுவதில்லை. தாத்தா காலத்தில் ரிப்போர்ட் ஏது?

இதெல்லாம் நோட்டில் ஒரு வரி கிடையாது. நோட்டில் இருப்பது: "கீழாநெல்லி சமூலம், கொட்டைப்பாக்களவு, மோரில், வெறும் வயிறு, உப்பு புளி தள்ளு." சமூலம் என்றால் வேரோடு முழுச்செடி. தீர்ந்தது.

வார்டு எண் 7

உங்கள் பெரியப்பாவுக்கு என் வணக்கம். வெளுத்த மலமும் அரிப்பும் அடைப்புக் காமாலையின் அடையாளம். எங்கள் மாணவர்களுக்கும் அதைத்தான் முதலில் சொல்லித் தருகிறோம். பேச்சுக் குழறலும் தூக்கம் தலைகீழாவதும் கல்லீரல் கைவிடுகிற அறிகுறி. அவரிடம் இருப்பது நோய் பார்க்கும் கண். நான் அதை மதிக்கிறேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆபத்தானவர்களையெல்லாம் அவர் விலக்கிவிடுகிறார். மிச்சம் வருவது தானே குணமாகும் ஆட்கள். அப்படியானால் அம்மியில் அரைபடும் அந்த இலை என்ன வேலை செய்கிறது?

பாளை சித்தா

சார், கேள்வியை நீங்களே மாற்றிவிட்டீர்கள். வைத்தியர்கள் காமாலை வந்தவனுக்குக் கொடுத்தார்கள். 1988 ஆய்வு கேட்டது நாள்பட்ட பி வைரஸைப் பற்றி. அது தோற்றால் பி வைரஸுக்கு ஆகாது என்று பொருளே தவிர, காமாலைக்கு ஆகாது என்றாகாது. ஒரே பேரில் செடிகளும் ஒன்றல்ல. நாட்டு மருந்துக் கடையில் கீழாநெல்லி என்று விற்கும் காய்ந்த சருகில் அதன் பங்காளிச் செடிகள் கலந்து வருவதை டிஎன்ஏ சோதனை வைத்தே காட்டியிருக்கிறார்கள். வரப்பில் நின்று பறித்த தலைமுறைக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது.

வார்டு எண் 7

காமாலைக்கு ஆகாது என்று இன்னும் நிரூபிக்கவில்லை, அதனால் ஆகும் என்கிறீர்களா? நல்லா இருக்கே.

செல்லாயி பேத்தி

சண்டையை நிறுத்துங்கள் சார்களே. வைத்தியம் என்றாலே ஆம்பளை, நோட்டு, ஏடு, குரு என்றுதான் பேசுகிறீர்கள். நம் ஊரில் அதிகம் கைமாறின மருந்து பிள்ளை பெற்ற வீட்டு உரைமருந்து. ஒரு ஏட்டில் இல்லை. மாமியார் மருமகளுக்குக் காட்டியது.

எங்கள் அப்பத்தா செய்ததை எழுதுகிறேன். ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு இவற்றைச் சோறு கொதிக்கும் பானையில் போட்டு வேகவிட்டு, வெயிலில் சுக்காகக் காயவைத்து, ஒரு பித்தளைச் சம்புடத்தில் வைப்பார். வசம்பை மட்டும் விளக்கெண்ணெய் தொட்டு அகல் சுடரில் கரியாகச் சுடுவார். தலைக்கு ஊற்றிய அன்றைக்குத்தான் மருந்து. உரைகல்லில் தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டு, ஒவ்வொன்றாக எடுத்து ஒரே ஒரு உரசல். அழுத்தமும் இல்லை, பட்டும் படாமல். ஜாதிக்காய்க்கு அந்த ஒரு உரசலிலும் பாதி. "இது கூடினா புள்ள மயங்கிப்போகும்" என்பார். பிள்ளை மந்தமாக இருந்தால் அன்றைக்கு உரைகல்லே வெளியே வராது.

என் தங்கை பிரசவத்துக்கு வந்தபோது அப்பத்தா இல்லை. அவள் ஒரு வீடியோவைப் பார்த்தாள். ஐந்தையும் மிக்சியில் பொடியாக்கி, கால் ஸ்பூன் எடுத்து, தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல்கிறது அந்த அம்மா. உரசலில் வந்தது கால் ஸ்பூன் ஆகிவிட்டது. தாய்ப்பால் தேன் ஆகிவிட்டது. கீழே நூற்றுக்கணக்கில் "நன்றி அக்கா". பொருள் அஞ்சும் அதே அஞ்சுதான், ஒன்றும் மாறவில்லை!

நான் கேட்பது இதுதான். நோட்டை ஏற்றினால் எது போய்ச் சேரும்? அப்பத்தாவின் விரலா, அந்தக் கால் ஸ்பூனா?

வார்டு எண் 7

ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. போட்டுலிசம் என்ற நஞ்சுநோய் வரும், மூச்சுத் தசையே செயலிழக்கும். வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருளைக் காரணம் காட்டி அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டது. என்னைக் கேட்டால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒன்றும் வேண்டாம். அப்பத்தா உரசலும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபிக்காதீர்கள் அக்கா.

செல்லாயி பேத்தி

கோபமில்லை. அப்பத்தா இருந்திருந்தால் உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

மூலிகை மைந்தன்

சித்தர்கள் ஞானத்தால் கண்டு சொன்னது இது. ஐயாயிரம் வருஷமாக ஒரு எழுத்து மாறவில்லை. இதை நேற்று வந்த ஆராய்ச்சியை வைத்து அளக்கும் யோக்கியதை யாருக்கும் இல்லை. நிலவேம்பு குடித்துப் பிழைத்த தமிழ்நாடு இது.

பாளை சித்தா

மைந்தன், நான் சித்த மருத்துவன், நானே சொல்கிறேன்: மாறாதது என்று ஒன்றுமே இல்லை. டெங்குக்குப் பப்பாளி இலைச் சாறு நம் பாரம்பரியம் என்று ஆளாளுக்குப் பேசுகிறோம். பப்பாளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் நம் கொல்லைக்கு வந்தது. சர்க்கரைக்குச் சொல்லும் நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. பறங்கிப்பட்டை சீனச் சரக்கு. மேக நோய் என்ற பால்வினை நோய்க்கு அதை எடுத்துக்கொண்டு நம் வைத்தியர்கள் சூரணம் செய்தார்கள், பாட்டும் கட்டினார்கள். கெட்டிக்காரர்கள். புது நோய் வந்தபோது புதுச் சரக்கைத் தேடினார்கள். ஒரு எழுத்து மாறவில்லை என்பது அவர்களை மட்டம் தட்டும் பேச்சு.

நிலவேம்புக் குடிநீரையே எடுங்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம், ஒன்பது சரக்கு. நூலில் இருந்தது, நாங்கள் பாடத்தில் படித்தோம். 2012 டெங்குக் காலத்தில் அரசு கொடுத்த பிறகுதான் வீட்டுக்கு வீடு போனது. கபசுரக் குடிநீரில் பதினைந்து சரக்கு. 2020க்கு முன் உங்கள் தெருவில் எத்தனை பேர் அந்தப் பேரைக் கேட்டிருப்பார்கள்? இன்றைக்கு அது பாட்டி வைத்தியம்! நாலில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சி இத்தனை நாள்தான் என்று சொல்லிக் கொடுத்தோம். ஜனங்கள் மாதக்கணக்கில் குடித்தார்கள். செல்லாயி பேத்தி சொன்ன கால் ஸ்பூன் கதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக மூடி வைக்க முடியாது. அளவும் நாளும் சேர்த்து அச்சிடுவதுதான் வழி.

பொதிகைக் காட்டான்

பாபநாசம் பக்கத்து ஆள் நான். அத்தான் சொன்னதை, அதுதான் எவனாவது பாக்கெட் போடுவான் என்றதை, எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

இந்த மலையின் அந்தப் பக்கம் நடந்தது. 1987இல் தாவர ஆய்வாளர்கள் அகத்தியமலைக் காட்டுக்குள் போனார்கள். வழிகாட்டிகளாக இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள். ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்குகிறது. காணிகள் ஒரு சின்னக் காயைத் தின்றுகொண்டு சளைக்காமல் ஏறுகிறார்கள். என்ன காய் என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை, வெளியாளுக்குச் சொல்லக்கூடாத விஷயம். அப்புறம் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. கேரளத்தில் பாலோட்டில் உள்ள தாவர ஆராய்ச்சி நிறுவனம் அதையும் வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து ஜீவனி என்ற மருந்தாக்கியது. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்குப் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் உரிமம். அதில் பாதி காணிகளுக்கு என்று 1997இல் ஒரு டிரஸ்ட். பலன் பகிர்வுக்கு, அதாவது அறிவைக் கொடுத்தவருக்கும் லாபத்தில் பங்கு தருவதற்கு, உலகத்திலேயே முன்மாதிரி என்று மேடைக்கு மேடை பேசினார்கள்.

கவனியுங்கள்: காணிகள் தின்றது காயை. மருந்தானது இலை. மலை ஏறும்போது தின்றது, டானிக் ஆகி டப்பாவுக்குள் போனது. காணி வைத்தியர்கள் சிலர் எங்களைக் கேட்காமல் யார் சொன்னது என்று எதிர்த்தார்கள். சொன்னவர்கள் வழிகாட்டப் போன ஆட்கள். குடியில் வைத்தியம் பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். இலைக்கு விலை வந்ததும் காட்டிலிருந்து பறிக்க வனத்துறை விடவில்லை.

தம்பி, அந்த நோட்டு உங்கள் பெரியப்பாவுடையதா? உங்கள் தாத்தாவின் மாமனாருக்கு அதைச் சொன்னவர் யார்? எங்கள் பக்கத்தில் பாதி வைத்தியர் வீட்டு நோட்டில் காணிக்காரர் சொன்னது பேர் போடாமல் கிடக்கிறது.

பாளை சித்தா

பொதிகை சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முடிவு தப்பு. அமெரிக்காவில் மஞ்சளுக்குக் கொடுத்த காப்புரிமையை 1997இல் எப்படி ரத்து செய்ய வைத்தோம்? அச்சில் இருந்த ஆதாரங்களைக் காட்டி. எங்கள் ஊர்ப் பாட்டி தலைமுறை தலைமுறையாகப் பூசுகிறாள் என்றால் அவர்களுடைய அன்றைய சட்டத்தில் அது எடுபட்டிருக்காது. 2001இல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்நூலகம் அதற்காக வந்ததுதான். எழுதாதது திருட்டுப் போனால் கேட்க நாதியில்லை.

பொதிகைக் காட்டான்

எழுதியது போனால் மட்டும் நாதி இருக்கிறதோ? பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தத்தைப் பாருங்கள். நூலில் ஏறிய பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துபவர்களுக்கும் பதிவுபெற்ற ஆயுஷ் (சித்தா, ஆயுர்வேதம் போன்ற) மருத்துவர்களுக்கும் பலன் பகிர்விலிருந்து விலக்கு. காப்புரிமைக்காரனிடமிருந்து காப்பாற்ற எழுதச் சொல்கிறீர்கள். எழுதினால் உள்ளூர்க் கம்பெனி நயா பைசா தராமல் எடுத்துக்கொள்ளலாம் என்றால் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நல்லூரான்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சின்ன இடைச்செருகல். எங்கட பக்கம் பரராசசேகரம், செகராசசேகரம் என்று யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய நூல்கள் இருக்கின்றன. யாழ் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவப் பட்டமும் இருக்கிறது. ஆனால் பட்டம் வந்ததென்று பரம்பரை வைத்தியரைக் கழித்துவிடவில்லை. 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் அவர்களும் பதிவு செய்யலாம். முறிவு வைத்தியர், விசகடி வைத்தியர் என்று அவரவர் துறைக்குள் மட்டும். முறிவு பார்ப்பவர் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கேலாது. குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பெரியப்பா இங்கே இருந்திருந்தால் காமாலைக்கு மட்டும் என்று எழுதி ஒரு பதிவு எடுக்க வழி பார்த்திருப்பார். பதிவு இருந்தால் கூட நின்று பழக ஒரு பெடியனும் வந்திருப்பான்.

வார்டு எண் 7

இந்தியாவில் அந்தக் கதவு அடைத்தாயிற்று. கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், அங்கீகரித்த படிப்போ பதிவோ இல்லாமல் வைத்தியம் பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. தம்பி, நோட்டோடு அவர் பேரையும் ஊரையும் போட்டு வைக்காதீர்கள். எழுதுவதோ வேண்டாமோ, இதை மட்டும் கேளுங்கள்.

சேரன்மாதேவிக்காரன்

எல்லாவற்றையும் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். காணிக்காரர் பேச்சு வந்ததும் சிரித்தார். காமாலை மருந்து வீட்டு வழியாக வந்ததுதானாம். அக்கி மருந்து மட்டும், தாத்தா களக்காட்டில் மாடு வாங்கப் போன இடத்தில் ஒருவர் சொன்னதாம். பேர் தாத்தாவுக்கே தெரியாதாம்.

அவர் சொன்ன முடிவு இது. "நோட்டப் போடு. ஆனா மொதல்ல நான் யாரையெல்லாம் திருப்பி அனுப்புனேன்னு எழுது, அப்புறம் மருந்த எழுது. அளவ எழுதாத." உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போனார், திருப்பி அனுப்பிய ஆட்களே ஆறு பக்கம் வந்துவிட்டது, இன்னும் முடியவில்லை. முறை ஒரு வரி. வாசலில் பார்த்தது ஆறு பக்கம்.

பாளை சித்தா

ஆறு பக்கமும் அருமை. ஆனால் அளவை எழுதாதே என்பது அத்தையின் "சொன்னால் பலிக்காது"தான், வேறு சட்டை போட்டிருக்கிறது. அளவில்லாமல் விட்டால் படிப்பவன் கைக்கு வந்ததை அரைப்பான்.

செல்லாயி பேத்தி

எழுதினால் மட்டும் படித்தா செய்கிறார்கள்? பெரியப்பா தெரிந்துதான் சொல்கிறார். அளவு வேண்டுமென்றால் ஆள் நேரில் வரட்டும், அவர் கண்ணைப் பார்க்கட்டும்.

தம்பி, ஒன்று கேட்டு எழுதுங்கள். இலைக்கடியில் காய் தொங்கும் பங்காளிச் செடிகளிலிருந்து கீழாநெல்லியை எப்படிப் பிரிக்கிறார்? படத்தோடு போட்டால் நல்லது.

சேரன்மாதேவிக்காரன்

ஞாயிற்றுக்கிழமை அவரை வண்டியில் வைத்து வாய்க்கால் வரப்புக்குக் கூட்டிப் போகிறேன் அக்கா. தண்டு சிவந்ததைத் தொடவே மாட்டார், அது மட்டும் எனக்குத் தெரியும். எங்கள் வரப்பில் களைக்கொல்லி அடித்துவிட்டார்கள், அடுத்த ஊர் வரை போக வேண்டியிருக்கும்.

வார்டு எண் 7

படம் போடும்போது அந்த ஆறு பக்கத்தை மேலே போடுங்கள், செடியைக் கீழே போடுங்கள். ஜனங்கள் முதல் படத்தோடு நிறுத்திவிடுவார்கள்.